யாருக்குத் தெரியக் கூடாது?

வன்னிப் போர் முடிந்த சூடு ஆறுவதற்கு முன்பே, 2009இல், ‘இந்தியன் டிஃபென்ஸ் ரிவ்யூ’ என்ற நம் நாட்டுப் பாதுகாப்பு இதழில் ஒரு கட்டுரை வந்தது. இலங்கை அரசு விடுதலைப் புலிகளை வென்றது எப்படி என்று ஆராய்ந்து, அதற்கு ‘ராஜபக்ச மாதிரி’ என்று பெயரிட்டு, எட்டு அடிப்படைகளை அது வரிசைப்படுத்தியது. அரசியல் உறுதி வேண்டும், உலகம் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது, பேச்சுவார்த்தை கூடாது, ஊடகத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், போர்நிறுத்தம் கூடாது, படைக்கு முழுச் சுதந்திரம் தர வேண்டும், இளம் தளபதிகளை முன்னிறுத்த வேண்டும், அண்டை நாட்டுக்கு அவ்வப்போது விவரம் சொல்லிவர வேண்டும்.

கட்டுரைக்கு வயதாகிவிட்டது, வாதத்துக்கு ஆகவில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதங்களில், டீக்கடை பெஞ்சுகளில் இதே குரல் கேட்டது: “சண்டை நடக்கும் இடத்தில் பத்திரிகைக்காரனுக்கு என்ன வேலை? இலங்கையைப் பாருங்கள். கதவைச் சாத்தினார்கள், ஜெயித்தார்கள்.” சொல்கிறவர்கள் பலர் நாட்டுப்பற்றோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் முன்மாதிரியாக ஏந்திப் பிடிப்பது எதை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே வைக்க வேண்டியிருக்கிறது. இந்த வாதம் பொய்யானது. அதைவிட, கொடுமையானது.

நான் இதை மரக்காணம் கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. 2009இன் முதல் ஐந்து மாதங்கள் இங்கே உப்புக்கான மாதங்கள். தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிட்டு, பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு வாரி அம்பாரம் போடும் காலம். அதே மாதங்களில்தான் கடலுக்கு அப்பால் கிளிநொச்சி விழுந்து, புதுக்குடியிருப்பு நொறுங்கி, கடைசியில் முள்ளிவாய்க்கால் கரைத்துண்டில் லட்சக்கணக்கானோர் நெருக்கியடிக்கப்பட்டார்கள். நம் முகாம்களில் இருந்தவர்களின் அண்ணன் தம்பிகளும், அத்தை பிள்ளைகளும், சித்தப்பா குடும்பங்களும் அந்தக் கரைத்துண்டுக்குள் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று யாரைக் கேட்பது? எந்தத் தரப்பையும் சாராத செய்தியாளரை உள்ளே விடவில்லை. தமிழ்நாட்டு நாளிதழ்கள் ஒரு பத்தியில் புலிகள் சொன்னதையும் அடுத்த பத்தியில் கொழும்பு சொன்னதையும் போட்டன. இரண்டுக்கும் நடுவில் தன் கண்ணால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அந்தக் கட்டுரையின் நான்காம் அடிப்படையையும் எட்டாம் அடிப்படையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊடகத்தைக் கட்டு, அண்டை நாட்டுக்குச் சொல். யாரிடம் சொன்னார்கள்? கொழும்பில் பசில் ராஜபக்ச, கோத்தபய ராஜபக்ச, லலித் வீரதுங்க என்று ஆட்சியின் உச்சியில் இருந்த மூவர். டெல்லியில் எம்.கே.நாராயணன், சிவசங்கர் மேனன், விஜய் சிங் என்று அதேபோல் மூவர். இந்த ஆறு பேருக்குள் செய்தி போய்வந்துகொண்டே இருந்தது. ஆகவே போர்ச் செய்தி எல்லை தாண்டிப் போவது கொழும்புக்குச் சிக்கலாக இருக்கவில்லை. போகும் இடம்தான் சிக்கல். டெல்லியில் மூன்று அறைகளுக்குப் போகலாம். மரக்காணத்துக்கும் வேதாரண்யத்துக்கும் ராமேசுவரத்துக்கும் போகக் கூடாது.

அதிகாரிகள் ரகசியம் காப்பார்கள், பத்திரிகையாளர் காக்கமாட்டார் என்பார்கள். எந்த ரகசியத்தை? அந்த மாதங்களில் எங்களிடமிருந்து மறைக்கப்பட்டது படை நகரும் வழியும் நேரமும் மட்டும்தானா? ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். 2009 ஏப்ரல் 27. முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் அண்ணா நினைவிடத்தில் காலையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக பீரங்கிகளையும் போர் விமானங்களையும் இனிப் பயன்படுத்தப்போவதில்லை என்று அன்றே கொழும்பு அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்பிச் சில மணி நேரத்தில் உண்ணாவிரதம் முடிந்தது. குண்டு வீச்சு நிற்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார் அவர். மே 9, 10 இரவுகளில் அந்தக் கரைத்துண்டில் விழுந்த ஷெல்களால் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், கொழும்பிலிருந்த ஐ.நா. பேச்சாளர் கோர்டன் வைஸ் அதை ரத்தக்களரி என்றார். மே 13 அன்று தமிழ்நாடு வாக்குச் சாவடிக்குப் போனது.

அந்த வரிசையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 27 அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று முள்ளிவாய்க்காலிலிருந்து ஒரு நிருபர், ஒரே ஒரு நிருபர், தன் பெயர் போட்டு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்கு வாக்குப் போயிருக்கும் என்பது என் கவலை இல்லை. விழுப்புரம் தொகுதியில் வரிசையில் நின்ற உப்பளத் தொழிலாளிக்குத் தன் அரசு எதற்குத் துணை நிற்கிறது என்று தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு விரலில் மை வைத்திருப்பார். அந்த உரிமையைத்தான் பறித்தார்கள். பறித்தது வெளிநாட்டுப் படை, பறிகொடுத்தவர் இந்தியக் குடிமகன். நாட்டுப்பற்றின் பெயரால் இந்த மாதிரியை இந்தியாவுக்குப் பரிந்துரைக்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் காரணம். புலிகளுக்கு எது தெரியாமல் இருந்தது? ஷெல் எங்கே விழுகிறது, எந்த மருத்துவமனைக் கூரை பிய்ந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்பது அவர்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். அவர்கள் அதன் கீழே இருந்தார்கள். படைக்குத் தெரியும், ஆளில்லா விமானங்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அமெரிக்காவுக்கும் ஐ.நா.வுக்கும் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. கதவைச் சாத்தியதால் தெரியாமல் போனது இரண்டே பேருக்கு: தெற்கே போருக்குக் கைதட்டிய சிங்கள மக்களுக்கு, கடலுக்கு இப்பால் பதறிய தமிழர்களுக்கு.

களத்திலிருந்து சாட்சிகளை அகற்றுவது செய்தியோடு நிற்பதில்லை. அது சோற்றுப் பானைவரை போகும். 2008 செப்டம்பரில் ஐ.நா. நிறுவனங்களையும் பன்னாட்டுத் தொண்டு அமைப்புகளையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு. போகாதீர்கள் என்று கிளிநொச்சி மக்கள் அலுவலக வாசலில் மறித்து நின்றும், செப்டம்பர் 16 அன்று ஐ.நா. பணியாளர்கள் வெளியேறினார்கள். அதன்பின் உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு அரசின் கையில் மட்டும் இருந்தது. 2009 பிப்ரவரியில் ஏறத்தாழ 70,000 பேர் என்றது கொழும்பு. அதே அரசிடம் சம்பளம் வாங்கிய, களத்தில் இருந்த மாவட்ட அதிகாரிகளின் கணக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். கப்பலில் போன உணவும் மருந்தும் கொழும்பின் கணக்கைப் பின்பற்றின. போர் முடிந்து வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேர். சாகாமல் வந்தவர்கள் மட்டும் இத்தனை. 70,000 என்ற எண்ணோடு இதை வைத்துப் பார்க்கும் எவருக்கும், மூன்று நான்கு பேருக்கு ஒருவர் பங்கு அரிசி போயிருக்கிறது என்பது விளங்கும். குறைந்த எண் வேண்டுமென்றே சொல்லப்பட்டிருக்கலாம், அதனால் உணவும் மருந்தும் குறைந்தன என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையும் கண்டது.

ஒரு செய்தியாளர் ஒரு வரிசையின் நீளத்தைப் பார்த்திருந்தால் போதும். கஞ்சிக்கு நிற்கும் ஒரே ஒரு வரிசை. 70,000 என்ற பொய் ஒரு வாரம் தாங்கியிருக்காது.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் விசாரணை ஆணைக்குழு முன் வைத்த கணக்கையும் இந்த மாதிரியின் ரசிகர்கள் படிக்க வேண்டும். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 என்று கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகப் பதிவு சொல்கிறது; அரசு கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380; மீதி 1,46,679 பேர் என்ன ஆனார்கள்? ஐ.நா. நிபுணர் குழு, சாவு 40,000 வரை போயிருக்கக்கூடும் என்றது. 2012இல் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 70,000க்கு மேல் காணாமல் போயிருக்கலாம் என்ற மதிப்பீட்டைக் குறித்தது. குடிமக்கள் ஒருவர்கூடச் சாகாத மீட்பு நடவடிக்கை என்று அரசு நெடுநாள் சாதித்தது. பூஜ்யத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையே இந்த எண்கள் இன்றும் அலைகின்றன. ஓர் எண்ணை உறுதியாகச் சொல்ல முடியாமல் மாண்டவர்களை விட்டுவிட்டது அந்தப் பூட்டிய கதவு. அரசு சொன்னது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அதை நிரூபிக்க வல்ல சாட்சிகளை அந்த அரசே விரட்டிவிட்டது. பூஜ்யம் என்று சொல்ல மெய்யாகவே தைரியம் உள்ளவன் ஊரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பான்.

நிருபர்கள் இல்லாத இடத்தில் சாட்சியின் வேலை மூன்று அரசு மருத்துவர்கள் தலையில் விழுந்தது. சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா. மருந்து தீர்ந்த கொட்டகைகளில் கை கால் அறுத்துக்கொண்டிருந்த இவர்கள்தான், நடுவில் தொலைபேசியை எடுத்து, இன்று இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள், மருத்துவமனை மேல் மறுபடி விழுந்தது என்று வெளியுலகுக்குச் சொன்னார்கள். புதுக்குடியிருப்பு மருத்துவமனை தாக்கப்பட்டதைச் செஞ்சிலுவைச் சங்கமும் உறுதிசெய்தது. பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே மருத்துவமனை என்று ஒன்று இருக்கவே கூடாது என்ற பொருளில் பாதுகாப்புச் செயலர் கோத்தபய பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பதில் சொன்னார். போர் முடிந்ததும் மூன்று மருத்துவர்களும் தடுத்துவைக்கப்பட்டார்கள். ஜூலை 8 அன்று கொழும்பில் செய்தியாளர் முன் உட்காரவைக்கப்பட்டு, புலிகளின் நெருக்குதலால் எண்களைக் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். நாட்டை விட்டு வெளியேறிய பிறகு வரதராஜா, அன்று பேசியது தன் விருப்பத்தோடு அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கதவைச் சாத்துவதால் கிடைக்கும் ‘ஒழுங்கு’ இதுதான். கத்தி பிடிக்க வேண்டிய கையில் தொலைபேசியைத் திணித்து, பிறகு அதற்காகச் சிறையில் வைப்பது. செய்தி சொல்ல வேண்டியவர்களை உள்ளே விட்டிருந்தால் மருத்துவர்கள் மருத்துவம் பார்த்திருப்பார்கள்.

எதிர்வாதத்தில் உண்மையான ஒரு பங்கு உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. 2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கியபோது கமாண்டோக்கள் கூரையில் இறங்குவதைச் சேனல்கள் நேரலையில் காட்டின. எல்லைக்கு அப்பாலிருந்து இயக்கியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே கட்டளையிட்டார்கள். அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகச் சாடியது. நியாயமான சாடல். நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கையை நேரலையில் காட்டக் கூடாது; படை எங்கே நகர்கிறது, நாளை எங்கே இறங்கும் என்று எழுதக் கூடாது. எந்தப் பொறுப்புள்ள நிருபரும் இதை ஏற்பார். சில மணி நேரம், தேவையானால் சில நாள், செய்தியைத் தாமதப்படுத்தலாம்.

2025 ஏப்ரல் 26 அன்று ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அனுப்பிய அறிவுரையும் கார்கில், மும்பை, காந்தஹார் கடத்தல் மூன்றையும் சுட்டி இதைத்தான் தொடக்கமாகக் கொண்டது. ஆனால் அது மேற்கோள் காட்டும் கேபிள் தொலைக்காட்சி விதி ஒரு படி மேலே போய், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. நேரலை கூடாது என்பது ஒரு பேச்சு. அதிகாரி வாயிலிருந்து வருவதைத் தவிர வேறெதுவும் கூடாது என்பது வேறு பேச்சு. முதலாவதைச் சொல்லி நம் தலையை ஆட்டவைத்துவிட்டு, இரண்டாவதை அதற்குள் செருகிவிடுகிறார்கள். கார்கிலில் நம் செய்தியாளர்கள் திராஸ் வரை போனார்கள், பங்கரில் படுத்தார்கள், வீரர்களின் பெயரும் ஊரும் முகமும் நாடு முழுக்கத் தெரிந்தன. அந்தப் போரில் இந்தியா தோற்கவில்லையே?

செய்தியாளரை வெளியே நிறுத்தினால் பொய்யாவது குறையுமா? 2025 மே 8 இரவு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்தபடி சேனல்கள் முழங்கின. எதுவும் நடக்கவில்லை. பூஞ்ச் நகரில் ஷெல் விழுந்து இறந்துபோன ஒரு மதரசா ஆசிரியரைப் பயங்கரவாதி என்று சில சேனல்கள் காட்டின. உள்ளூர்க் காவல்துறையே முன்வந்து மறுக்க வேண்டியதாயிற்று. அவர் வீட்டுக்குப் போய், அவர் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிடம் பேசிய நிருபர்களாலும் அந்தக் குடும்பத்தின் மானம் மீண்டது. களத்தில் நடந்த நிருபர் எல்லை ஊர்களில் யார் செத்தார்கள் என்று பெயர் பெயராகத் தந்தார். களத்துக்குப் போகாத ஸ்டூடியோ கற்பனையை விற்றது. அதே நாட்களில் ‘தி வயர்’ இணைய இதழ் முடக்கப்பட்டது. கராச்சியை அழித்த சேனல்கள் முடக்கப்படவில்லை. விமானங்களை இழந்தோம் என்பதை நம் முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்று சிங்கப்பூரில் ஓர் அயல்நாட்டுச் செய்தி நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டார். இந்தியப் பத்திரிகை கேட்டு இந்தியர் முதலில் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

ஊடகத்தைக் கட்டியதால் இலங்கை வென்றது என்ற அடுத்த கூற்றை அதிகம் தடவிப் பார்க்கத் தேவையில்லை. 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து கிழக்கு கைநழுவியது. 2006, 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்களைக் கடற்படை ஆழ்கடலில் மூழ்கடித்தது. படையின் ஆளணி ஏறத்தாழ இரு மடங்கானது. இவையெல்லாம் நடந்த பிறகு, ஒரு செய்தியாளர் புதுக்குடியிருப்பில் இருந்திருந்தால் எந்தப் பீரங்கி சுடாமல் நின்றிருக்கும்? மருத்துவமனையை நோக்கிய பீரங்கி நின்றிருக்கலாம். அந்த ஒரு பயன்தான் இழக்கப்பட்டது. வியட்நாமை அமெரிக்கப் பத்திரிகைகள் தோற்கடித்தன என்ற பழங்கதையும் இதனோடு சேர்ந்தே வரும். அமெரிக்க ராணுவமே தன் வரலாற்றுப் பிரிவின் வில்லியம் ஹாமண்டை வைத்து இரண்டு பெரிய தொகுதிகளாக அதை ஆராய்ந்தது; ஏறிக்கொண்டே போன சாவு எண்ணிக்கைதான் மக்கள் மனத்தை மாற்றியது என்பதே அவர் முடிவு. சவப்பெட்டி வீட்டுக்கு வந்தால் தெரியத்தானே செய்யும்.

புலிகளைப் பற்றிப் பேசாமல் இதை முடித்தால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். அவர்களும் தங்கள் பக்கத்துக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். தங்கள் ஆட்சிப் பகுதியில் தங்களைக் குறைசொல்லும் ஒரு தாளை அவர்கள் விட்டுவைக்கவில்லை. கடைசி மாதங்களில் வெளியேற முயன்ற மக்களை மறித்தார்கள், சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்தார்கள், ஐ.நா. அறிக்கை இதையும் எழுதியிருக்கிறது. புலிகளின் பிரசாரத்துக்கு இடம் கொடுக்காமலிருக்கவே ஊடகத்தைத் தடுத்தோம் என்கிறது ராஜபக்ச தரப்பு. சுயேச்சையான நிருபர் ஒருவர் உள்ளே இருந்தால் அவர் புலிகளுக்கும் பெரிய இடைஞ்சலாக இருந்திருப்பார். தப்பி ஓடிய தாயைச் சுட்டது யார் என்பதையும் அவர்தானே எழுதியிருப்பார்? கதவு சாத்தப்பட்டதால் அந்தக் குற்றமும் சேர்ந்து மறைந்தது. ‘சண்டே டைம்ஸ்’ நிருபர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் அரசின் தடையை மீறி வன்னிக்குள் போய், பசியும் மருந்துத் தட்டுப்பாடும் கண்டு எழுதினார். திரும்பும் வழியில் தான் பத்திரிகையாளர் என்று கத்திய பிறகும் படையின் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்தார். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் தடை என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது.

களத்தில் போட்ட பூட்டு களத்தோடு நின்றதா? பாதுகாப்புச் செய்தி எழுதிய கீத் நொயார் 2008 மே மாதம் கொழும்பில் கடத்தப்பட்டு அடித்து நொறுக்கப்பட்டார். 2009 ஜனவரி 6 அன்று சிரச தொலைக்காட்சி நிலையம் தாக்கப்பட்டது. இரண்டே நாளில் ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க அலுவலகம் போகும் வழியில் கொல்லப்பட்டார். பத்திரிகையாளர் திஸ்ஸநாயகம் எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 20 ஆண்டு கடூழியச் சிறை பெற்றார். வவுனியா முகாம்களில் நடந்ததைச் சொன்ன பிரிட்டனின் சேனல் 4 குழு 2009 மே மாதம் நாடு கடத்தப்பட்டது. போர் முடிந்து எட்டு மாதம் கழித்து, 2010 ஜனவரி 24 அன்று, பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். அவர் மனைவி சந்தியா இன்னும் நீதிமன்றப் படி ஏறுகிறார். லசந்தவும் பிரகீத்தும் சிங்களவர்கள். தமிழருக்கு எதிராக மட்டும் பயன்படும் என்று நம்பித் தெற்கு அனுமதித்த ஆயுதம் தெற்கின் கழுத்துக்கே வந்தது. இதே மாதிரியை இந்தியாவில் நடத்தினால் மட்டும் அது எல்லையிலேயே நிற்கும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இந்த மாதிரி இலங்கையோடும் நிற்கவில்லை. காசாவில் 2023 அக்டோபர் முதல் அயல்நாட்டு நிருபர்களைத் தனியாக உள்ளே விடாமல், ராணுவ வண்டியில் ஏற்றி, காட்ட வேண்டியதைக் காட்டித் திருப்பி அனுப்பியது இஸ்ரேல். கிளிநொச்சியைப் பிடித்த பிறகு கொழும்பு நடத்திய சுற்றுலாவும் இதே வகை. உள்ளே இருந்து எழுதிய பாலஸ்தீனப் பத்திரிகையாளர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

உப்பு விளையும் கரையில் பிறந்தவனுக்கு இன்னொன்றும் சொல்ல உரிமை உண்டு. 1930 மே 21 அன்று குஜராத்தில் தராசனா உப்பளத்தை நோக்கிச் சத்தியாகிரகிகள் வரிசை வரிசையாக நடந்தார்கள். பூண் போட்ட தடியால் காவலர் மண்டையைப் பிளந்தார்கள். கையைக்கூட உயர்த்தாமல் அவர்கள் விழுந்தார்கள். அது உலகுக்குத் தெரிந்தது ஏன்? யுனைடெட் பிரஸ் நிருபர் வெப் மில்லர் அந்த உப்பளத்தின் ஓரத்தில் நின்றார். தற்காலிக மருத்துவமனையில் காயம்பட்ட 320 பேரைத் தானே எண்ணினார். பம்பாயில் தணிக்கை அவர் தந்தியை மறித்தது; அதையும் தாண்டி அவர் செய்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்தது, அமெரிக்க செனட்டில் வாசிக்கப்பட்டது.  இன்று தராசனாவைப் பாடப் புத்தகத்தில் பெருமையோடு படிக்கவைக்கும் நாட்டில், சுடுகிறவர் நம்மவராக இருந்தால் வெப் மில்லர் வேண்டாம் என்கிறார்கள்.

நம்மவர் சுட்ட ஒரு நாளும் இருக்கிறது. இந்த மாதிரியைப் பரிந்துரைக்கிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போர் தொடங்கியபோது முதலில் செய்தவற்றில் ஒன்று, அக்டோபர் 10 அன்று அங்கே வெளிவந்த ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ நாளிதழ்களின் அச்சகங்களை அழித்தது. வெளியூர் நிருபர்கள் தம் விருப்பப்படி யாழ்ப்பாணத்துக்குள் போக முடியாத நிலை. பதினொரு நாள் கழித்து, தீபாவளி அன்று, படை யாழ்ப்பாணப் பெரிய மருத்துவமனைக்குள் நுழைந்தது. நோயாளிகளும் தாதியரும் மருத்துவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை, நாங்கள் மருத்துவர்கள் என்று சொல்லிக் கையை உயர்த்தியபடி வெளியே வந்த குழந்தைநல மருத்துவர் சிவபாதசுந்தரம் சுட்டுக் கொல்லப்பட்டார். இருதரப்புச் சூட்டில் சிக்கி இறந்தார்கள் என்றது நம் தரப்பு. நடந்ததை உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள்: ராஜினி திரணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே.ஸ்ரீதரன். ‘முறிந்த பனை’ என்ற அந்த நூல் படையையும் விடவில்லை, புலிகளையும் விடவில்லை. நூல் அச்சில் வருவதற்கு முன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று, ராஜினி தன் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்பது அவரோடு சேர்ந்து எழுதியவர்களின் முடிவு.

அந்த அக்டோபரில் ‘தி இந்து’விலிருந்தோ ‘தினமணி’யிலிருந்தோ ஒரு நிருபர் மருத்துவமனை வராந்தாவில் இருந்திருந்தால் இந்தியாவின் மானம் போயிருக்கும் என்பார்கள். போயிருக்கட்டும். விசாரணை வந்திருக்கும், சுட்டவர் பெயர் வந்திருக்கும், சிவபாதசுந்தரத்தின் வீட்டாருக்கு இந்தியக் குடியரசு ஒரு பதில் சொல்லியிருக்கும். அந்தப் பதில் இதுவரை சொல்லப்படவில்லை. அடுத்த போரில் செய்தியாளரை எங்கே நிறுத்துவது என்று வகுப்பெடுக்க வருகிறவர்கள், யாழ்ப்பாணப் பெரிய மருத்துவமனையில் அன்று நடந்தது என்ன என்று இந்திய அரசிடமிருந்து முதலில் அந்தப் பதிலை வாங்கிக் கொடுக்கட்டும்.